“அங்க நம்ம ஜனம் இருக்காங்களா?”

சென்ற ஆண்டு ஏழு புதிய ஊர்களைப் பார்த்தேன். பெங்களூரு, கோலார் தங்கவயல், மும்பை, கோலாப்பூர், வடோதரா, நாக்பூர், பிறகு பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு நகரம். ஒவ்வொரு முறை இரயில் ஏறும்போதும் அம்மா போனில் கேட்டது ஒரே கேள்விதான்: “ஏம்மா, அங்க நம்ம ஜனம் யாராச்சும் இருக்காங்களா?”

சாப்பாடு, குளிர், கையில் காசு இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் இரண்டு முறை எரிச்சலாக இருந்தது. “நான் வேலைக்குப் போறேன்மா, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கா போறேன்?” என்றுகூடக் கேட்டிருக்கிறேன். ஆண்டு முடிந்து திரும்பிப் பார்க்கும்போது, அந்த ஓராண்டில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அம்மாவின் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

மருத்துவமனை ஆய்வகங்களில் இரத்தப் பரிசோதனைக் கருவிகளை நிறுவுவது, பழுது பார்ப்பது, அங்குள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஓர் ஊரில் பத்து நாள், இன்னோர் ஊரில் மூன்று வாரம். நாளுக்கு இவ்வளவு என்று தங்கும் செலவுக்கு நிறுவனம் கொடுத்துவிடும். அறையை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பெண் தனியாகத் தங்கத் தைரியமான லாட்ஜ் கிடைப்பது கடினம். ஆகவே பெண்கள் விடுதி, இல்லையென்றால் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவர்கள் என்று தேடுவேன். இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலனியிலிருந்து வந்தவள் நான். எங்கள் தெருவில் வேலைக்காக வெளிமாநிலம் போனவர்கள் பலர் உண்டு. அவர்கள் தங்கியது கட்டடம் கட்டும் இடத்துத் தகரக் கொட்டகையில். வாடகை அறை கேட்டுக் கதவைத் தட்டிய முதல் ஆள் நான்தான்.

பயணம் மனிதரை விசாலமாக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதுகுப்பையோடு மலை உச்சியில் நிற்கும் படங்களுக்குக் கீழே இந்த வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள். யாரை விசாலமாக்கும், யாரை ஒடுங்கி நடக்கச் சொல்லும் என்பதை மட்டும் எழுதுவதில்லை.

பயணியின் இன்னொரு பெட்டி

நம் நாட்டில் பயணம் செய்யும் எவரும் ஒரு பெட்டியோடு போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பெட்டியும் கூடவே வருகிறது. காசி, இராமேசுவரம் தொடங்கிப் பெரிய கோயில் ஊர்களில் எல்லாம் சாதிக்கொரு சத்திரம் கட்டப்பட்டிருக்கிறது. காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தாருக்குச் சத்திரம் இருப்பது பலருக்கும் தெரியும். சாதிச் சங்கங்களுக்குக் கல்யாண மண்டபங்களும் மாணவர் விடுதிகளும் பெருநகரங்களில் இருக்கின்றன. ஊரை விட்டு முதன்முறை வெளியேறும் ஒரு பையனுக்கு, “இன்னாரைப் போய்ப் பார், நம்ம ஆளுதான்” என்று கொடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் போதும். அறை, முதல் மாதச் சாப்பாடு, சில சமயம் வேலையும் அந்த எண்ணில் இருக்கிறது. அதைச் சாதி என்று அவன் உணர்வதில்லை. “தெரிந்தவர் உதவினார்” என்றே வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பான்.

இதே “நம்ம ஆளு” என் அம்மாவின் வாயில் வரும்போது வேறு பொருள். அடித்தால் ஓடிப்போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறதா, தாகமெடுத்தால் முகம் சுளிக்காமல் தண்ணீர் கொடுக்க ஒருவர் இருக்கிறாரா என்பதே அவர் கேட்பது.

அமெரிக்காவில் 1936இல் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர், அம்மாவின் இந்தக் கேள்விக்கான பதிலை ஒரு புத்தகமாகவே போட்டார். கறுப்பினத்தவர் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே வண்டிக்கு எண்ணெய் போடலாம் என்ற முகவரிகள் அதில் இருந்தன. ‘பச்சைப் புத்தகம்’ என்று அழைக்கப்பட்ட அது முப்பது ஆண்டுகள் வெளிவந்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்து, விடுதிகளில் நிறவேற்றுமை குற்றமான பிறகு மெல்ல நின்றது. நமக்கு அப்படி ஒரு புத்தகம் அச்சில் வந்ததில்லை. நம் அம்மாக்களின் தலைக்குள்தான் அது இருக்கிறது.

வடோதராவில் ஒரு மரத்தடி

அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கையை முழுதாக எழுதி வைக்கவில்லை. எழுதிய சிறு நினைவுக் குறிப்புக்கு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று பெயர். அதை ஒரு பயணக் கட்டுரையாக இதுவரை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம் என்று தெரியவில்லை. அதில் உள்ள அவருடைய சொந்த அனுபவங்கள் பெரும்பாலும் வழியில் நடந்தவை. சிறுவனாக அப்பாவைப் பார்க்க இரயிலில் போகிறார். இறங்கிய நிலையத்தில் சாதி தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. 1929இல் சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர் அவருக்கு வண்டி ஓட்ட மறுக்கிறார். ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டி விபத்தாகிறது. 1934இல் தௌலதாபாத் கோட்டைக்குச் சுற்றுலா போனபோது, குளத்தில் கை கால் கழுவியதற்காகக் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது.

இவற்றுக்கெல்லாம் நடுவில் 1917இல் நடந்தது பரோடா. கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்துவிட்டு, சமஸ்தான வேலையில் சேர வருகிறார். தங்க இடமில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். சில நாட்களில் கையில் கழிகளோடு வந்த ஒரு கூட்டம் அவரை வெளியேற்றுகிறது. தெரிந்த நண்பர்கள் இருவரிடம் கேட்டுப் பார்க்கிறார். ஒருவர் இந்து, இன்னொருவர் கிறித்தவர். இருவருமே ஏதோ காரணம் சொல்கிறார்கள். இரவு இரயில் வரும்வரை பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய்க்குத் திரும்புகிறார். வடோதராவின் அந்தப் பூங்கா இப்போதும் இருக்கிறது. அவர் உறுதி பூண்ட இடம் என்று ‘சங்கல்ப பூமி’ எனப் பெயரிட்டிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிறு மாலை அங்கே போனேன். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்த ஒருவரை ஒரு நகரம் முழுக்கச் சேர்ந்து ஒரு மரத்தடிக்குத் தள்ளியிருக்கிறது. படித்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று எங்கள் பள்ளியில் தினமும் சொல்வார்கள். படிப்பு அவசியம்தான், அவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் பட்டச் சான்றிதழைக் காட்டினால் அறைக் கதவு திறந்துவிடாது என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்பது நாட்கள்

இனிச் சொல்லப்போவதை இதுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

பெயர் சொல்லாத அந்த நகரத்தில், மூன்று வீடுகளில் இடமில்லை என்றார்கள். ஒரு வீட்டில் முன்பணம் வரை பேசிவிட்டு, என் போனில் பூட்டுத்திரையில் இருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்த பிறகு, “நாளைக்கு உறவினர்கள் வருகிறார்கள், மறந்துவிட்டேன்” என்றார்கள். குரலில் ஒரு கடுமையும் இல்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள், காகிதக் குவளையில்.

நான்காவது வீட்டில் வயதான ஓர் அம்மா. முழுப் பெயர் கேட்டார். என் பெயரையும் தலைப்பெழுத்தையும் சொன்னேன். “அது அப்பா பெயர்; உன் குடும்பப் பெயர் என்ன?” என்றார். எங்கள் பக்கம் அப்படி வைத்துக்கொள்வதில்லை என்றேன். சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “மதராஸியா? ஐயரா?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

அவ்வளவுதான். ஆம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அறை கிடைத்தது.

ஒன்பது நாட்கள் தங்கினேன். அவர் நல்லவர். காலையில் தேநீர் கொண்டுவந்து வைப்பார். ஒரு நாள் சமையலறைக்கே கூப்பிட்டு, இட்லிக்கு அரைக்கும் விதத்தைக் கேட்டார். இராணிப்பேட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் மாட்டுக்கறிக் குழம்போடுதான் ஞாயிற்றுக்கிழமை இட்லி. அதைச் சொல்லாமல் அரிசி உளுந்துக் கணக்கை மட்டும் சொன்னேன். அந்த ஒன்பது நாளும் போன் திரையில் பூப்படம் வைத்திருந்தேன். அம்மா கூப்பிட்டால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். அந்த வீட்டில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் மெதுவாகவே பேசினேன். இரவில் கதவுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

தோழர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, “உடனே மறுத்திருக்க வேண்டும்” என்றார் ஒருவர். மாலை ஆறு மணிக்கு, மொழி தெரியாத ஊரில், பையோடு தெருவில் நிற்கும் ஒரு பெண்ணிடம் வீரத்தைக் கேட்பது எளிது. பரோடாவில் அண்ணலும் வேறு பெயரில்தான் தங்கினார். அவர் பொய் சொன்னார் என்பதா அந்த வரலாற்றின் பாடம்? உண்மையான பெயரில் தங்க ஓர் ஊரில் இடமே இல்லாமல் செய்தது யார் என்பதைத்தானே கேட்க வேண்டும்? என் கேள்வியும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கத்தைச் சுயமரியாதை இயக்கம் ஒழித்துக்கட்டியது. 1929 செங்கற்பட்டு மாநாட்டில் அதற்காகத் தீர்மானமே போட்டார்கள். வெளிமாநிலத்துக்குப் போனால்தான் அது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரிகிறது. ஆனால் அதைச் சொல்லி நாம் ஓய்ந்துவிட முடியாது. அங்கே “குடும்பப் பெயர் என்ன” என்று கேட்கிறார்கள், இங்கே “எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?” என்று கேட்கிறோம். சென்னையில் “சைவர்களுக்கு மட்டும்” என்று வாடகைப் பலகை தொங்குகிறது. தட்டில் என்ன இருக்கிறது என்பதா அதன் அக்கறை? பிறப்பைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் சாப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

நகரம் கொடுத்தது

நகரம் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று எழுதினால் அது பொய். கிராமத்தைக் குறுகிய புத்தியின் குழி என்று அரசமைப்பு அவையில் 1948இல் அம்பேத்கர் சாடியது சும்மா இல்லை. மும்பையில் மின்சார இரயிலில் நெருக்கியடித்து நின்றபோது, என் தோள்மீது சாய்ந்து தூங்கிய பெண் நான் யாரென்று கேட்கவில்லை. இரவு பத்து மணிக்குக் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து வடாபாவ் தின்றேன். எங்கள் ஊரில் ஊர்த்தெரு வழியாகப் பகலில் சைக்கிளில் போகும்போதுகூட எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று யோசித்தவள் நான். ஒன்றும் யோசிக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஓர் உரிமை என்று அன்று தோன்றியது. மகிழ்ச்சியாக ஊர் சுற்றுவதை மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அதுவும் நமக்கு மறுக்கப்பட்டதுதான்.

கோலார் தங்கவயலில் இதன் வரலாறு இருக்கிறது. பாட்டியின் அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால் பெங்களூரு வேலை முடிந்ததும் ஒரு நாள் போனேன். பங்காருபேட்டையில் மாறி மாரிக்குப்பம் வண்டியில் ஏற வேண்டும். கர்நாடகத்துக்குள் தமிழ் கேட்கிற ஊர். பண்ணையடிமை முறையிலிருந்து தப்பி, வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே வந்தார்கள். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றான சாம்பியன் ரீஃப், பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்குகிறது. அங்கே இறங்கியவர்களுக்குக் கிடைத்தது தகரக் கூரை ‘லைன்’ வீடு, நுரையீரல் நோய், ஆனால் கூடவே கையில் காசாகக் கூலி. நெல்லாக அளந்து கொடுக்கிற ஆண்டையிடமிருந்து விடுபட்டதன் ருசி அந்தக் காசில் இருந்தது. அந்தக் காசில்தான் பௌத்த சங்கமும் பள்ளியும் அச்சகமும் நடந்தன. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914இல் மறைந்த பிறகு, 1920களில் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு கோலாரிலிருந்துதான் மீண்டும் வந்தது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. கழிவு மண் மலைகள் மட்டும் நிற்கின்றன. இன்று அந்த மக்களின் பேரப் பிள்ளைகள் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பெங்களூரில் வீடு எடுத்துத் தங்க அவர்கள் கூலி போதாது. தங்கத்தைத் தோண்டியவர்களின் சந்ததிக்கு, பக்கத்து நகரத்தில் ஓர் அறை இல்லை.

ஆக நகரம் உழைப்பை வாங்கிக்கொள்கிறது. தெருவில், பேருந்தில், இரயிலில் சேர்ந்து நிற்க அனுமதிக்கிறது. வீட்டு வாசலில் வந்ததும் நிறுத்துகிறது. கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற கோடு, நகரத்தில் வாடகை ஒப்பந்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள், உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் வாடகை வீடு கேட்க வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரே வீடு பெயருக்கேற்ப எப்படிக் காலியாகிறது, எப்படி நிரம்புகிறது என்பதை அது காட்டியது.

மகாடும் ஒரு தேநீர்க் கடையும்

மும்பையிலிருந்து ஒரு விடுமுறை நாளில் மகாடுக்குப் போனேன். சாவித்திரி ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். நடுவில் சவுதார் குளம். எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் அது இருப்பதில்லை. 1923இலேயே பொதுக் குளங்களைத் தீண்டத்தகாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மகாடு நகராட்சியும் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒருவரும் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்துபோய்க் குடித்தார்கள், அடியும் வாங்கினார்கள். வழக்கு நடந்து உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 1937 ஆகிவிட்டது. தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் பதினான்கு ஆண்டுகள்.

நம் அரசமைப்பும் தாளில் நிறையக் கொடுத்திருக்கிறது. நாடு முழுவதும் போகவும் எங்கும் குடியிருக்கவும் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. கடை, உணவகம், விடுதி எதிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. தீண்டாமையின் பேரால் ஒருவர் குடியிருப்பு பெறுவதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் “உறவினர்கள் வருகிறார்கள்” என்ற வாக்கியத்தை எந்தக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் நிரூபிப்பது? ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்சநீதிமன்றமே பார்சி சங்கம் ஒன்றின் வழக்கில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் விடுதிக்கு 1964இல் சட்டம் வந்தது. வீட்டு வாடகைக்கும் விற்பனைக்கும் தனியாக 1968இல் இன்னொரு சட்டம் வந்தது. வீட்டுக் கதவுக்கென்று தனிச் சட்டம் தேவைப்பட்டதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். நமக்கும் தேவை. வாடகைக்கு விடுவது வியாபாரம், வியாபாரத்தில் சாதி, மதம் கேட்பது தண்டனைக்குரியது என்று தெளிவாகச் சொல்லும் சட்டம். நகர்ப்புறத்தில் வாழ்கிறவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர் என்று 2011 கணக்கெடுப்பு காட்டிய தமிழ்நாடு அதை முதலில் செய்யலாம். முதல்முறை வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒவ்வொரு பெருநகரிலும் அரசு விடுதிகள் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதி படிக்கும் பிள்ளைக்குத்தான். படித்து முடித்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

சட்டம் வரும்வரை என்ன செய்வது? கோலாப்பூரில் ஒரு பழைய கதை சொல்வார்கள். 1902இலேயே பிற்படுத்தப்பட்டோருக்கு ஐம்பது விழுக்காடு இடஒதுக்கீடு தந்த சாகு மகராஜ், கங்காராம் காம்ப்ளே என்ற தீண்டத்தகாத சமூகத்தவர் ஊருக்கு நடுவில் தேநீர்க் கடை வைக்க உதவினார். கடைக்கு யாரும் வரவில்லை. மன்னர் தன் வண்டியை அந்தக் கடை வாசலில் நிறுத்தித் தேநீர் வாங்கிக் குடித்தார், கூட வந்தவர்களையும் குடிக்க வைத்தார். அதன் பிறகு கடை நடந்தது.

இரட்டைக் குவளைகளைப் பார்த்த ஊரிலிருந்து போனவளுக்கு இந்தக் கதை பிடிக்காமல் இருக்குமா? ஆனால் இதில் மன்னரின் பெருந்தன்மையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அவர் எதைச் செலவழித்தார் என்பதுதான். சொந்தச் சாதிக்காரர்கள் தனக்குக் கொடுத்த மதிப்பை அந்தக் கடை வாசலில் செலவழித்தார். சாதியை மறுப்பதாகச் சொல்லும் ஆதிக்கச் சாதித் தோழர்களிடம் நான் கேட்பதும் அதைத்தான். உங்களில் பலருடைய வீட்டில் மாடிப் பகுதி வாடகைக்கு விடப்படுகிறது. புரோக்கரிடம் உங்கள் அப்பா என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று கேட்டதுண்டா? முகநூலில் சாதி ஒழிப்பு பேசுவதைவிட, “யாராக இருந்தாலும் வாடகை கொடுத்தால் போதும்” என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருமுறை பேசிப் பாருங்கள். சண்டை வரும். அந்தச் சண்டையைத்தான் நாங்கள் ஒவ்வோர் ஊரிலும் தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

யார் நம்ம ஜனம்?

கடைசியாக நாக்பூர். 1956 அக்டோபர் 14 அன்று இலட்சக்கணக்கான மக்களோடு அண்ணல் பௌத்தம் தழுவிய தீட்சாபூமி அங்கே இருக்கிறது. ஆய்வகத்தில் வேலை செய்த ஒரு பெண், என் போனில் திரும்பவும் வைத்திருந்த படத்தைப் பார்த்தார். முன்பு ஒரு வீட்டில் என்னை வெளியேற்றிய அதே படம். “ஜெய் பீம்” என்றார். அன்று மாலையே என் பையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். பதினோரு நாள் அவருடைய அம்மாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கினேன். கதவுச் சத்தத்துக்கு ஒரு நாளும் விழிக்கவில்லை. அவர்கள் பேசியது மராத்தி, எனக்குத் தெரிந்தது அரைகுறை இந்தி. வாடகை கொடுக்கப் போனேன், அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து, “இங்க நம்ம ஜனம் இருக்காங்கம்மா” என்றேன். “நம்ம ஜனமா? அவ்ளோ தூரத்துலயா? என்ன பாஷை பேசறாங்க?” என்று கேட்டார். விளக்கினேன். என் சாதி அங்கே இல்லை. என் மொழி இல்லை. உறவுமுறை எதுவுமில்லை. பிறப்பால் நாங்கள் யாரும் யாருக்கும் ஒன்றுமில்லை. சாதியை ஏற்கமாட்டோம் என்ற ஒரே முடிவுதான் எங்களுக்குள் பொது. சத்திரம் கட்டியவர்களின் “நம்ம ஆளு” பிறப்போடு முடிந்துவிடும். இது அங்கிருந்து வெளியே வருகிறது. ஊர் ஊராக நாம் கட்ட வேண்டியது இந்த ஜனத்தைத்தான். படிப்பு வட்டங்கள் நடத்துகிறோம், கூட்டம் போடுகிறோம். அதோடு ஒவ்வொரு நகரத்திலும் புதிதாக வருகிறவருக்கு முதல் பத்து நாளுக்கு ஓர் அறை, நம்பிக் கூப்பிட ஓர் எண் என்று ஏற்பாடு செய்ய நம் அமைப்புகளால் முடியும்.

அப்படிச் செய்யும்போது கதவு இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். எங்கள் ஊர் சிப்காட்டைச் சுற்றிப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். அவர்களில் தலித்துகள், பழங்குடியினர், முஸ்லிம்கள் ஏராளம். முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டு வந்தவர்கள். இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, அந்தப் பிள்ளைகளை “வடக்கன்” என்று இளக்காரமாகப் பேசுவது வேறு. முற்போக்குப் பேசும் நம் வட்டத்திலேயே இந்தச் சொல் சிரிப்போடு புழங்குகிறது. பெயர் சொல்லாத நகரத்துத் தெருவில் பையோடு நின்றபோது, அங்கே எனக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்களோ, அதே சிரிப்புதான் இது.

ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டை ஒட்டிய சின்ன அறையில் புதிதாக இரண்டு பையன்கள் குடியிருந்தார்கள். ஜார்க்கண்ட் என்றார்கள். தோல் தொழிற்சாலையில் வேலை. “ஊருக்குள்ள கேட்டாங்களாம், யாரும் தரலையாம். அதான் குடுத்துட்டேன்” என்றார் அம்மா. வாடகை எவ்வளவு என்று கேட்டேன், சொன்னார். என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டீர்களா என்றேன்.

“அதெல்லாம் எதுக்குக் கேட்கணும்? அந்தப் பசங்க அம்மா போன்ல பேசுது தெனமும். பாஷை புரியல. ஆனா என்ன கேக்குதுன்னு எனக்குத் தெரியும்” என்றார்.